கோட்டின் தோளுக்குள்ளே

1995-இல் வெளிவந்த 'கோல்டன்ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வந்த பியர்ஸ் பிராஸ்னன் போட்டிருந்த சூட்டுகளைத் தைத்தது ரோம் நகரத்து பிரியோனி நிறுவனம். பிரிட்டிஷ் ராணியின் உளவாளிக்கு இத்தாலிக்காரர்கள் தைத்த கோட்டு! லண்டன் தையல்காரர்களுக்கு அது இனித்திருக்காது. 1962-இல் சினிமாவின் முதல் பாண்டாக நடித்த ஷான் கானரிக்குத் தைத்துக் கொடுத்தவர் லண்டன் கான்டுயிட் தெருவின் ஆன்டனி சின்க்ளேர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு நாட்டுச் சூட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலர், மார்பில் மடிந்து விழும் லேப்பல், பொத்தான், பை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வித்தியாசம் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. முக்கியமாகத் தோளில்.

நல்ல கோட்டு ஒன்றின் மார்புப் பகுதியைப் பிரித்தால் உள்ளே குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸ் இருக்கும். அதை லேப்பலோடு சேர்க்கும் தையலை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தையல்காரர் லேப்பலை இடது கை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே சின்னச் சின்னச் சாய்தையலாகப் போட்டுக்கொண்டு போவார். ஊசி மேல்துணியில் ஓர் இழையை மட்டும் கவ்வித் திரும்பிவிடும். வெளியே தடம் தெரியாது. இப்படி நூற்றுக்கணக்கில் போட்டு முடித்ததும் கையை எடுத்தாலும் லேப்பல் வளைந்தே நிற்கும். மலிவான ரெடிமேட் கோட்டுகளில் இந்த வேலையைப் பசை செய்கிறது. நாளாக நாளாக, டிரைகிளீனிங் போய் வரப் போய் வர, அந்தப் பசை விட்டு மார்பில் கொப்புளம் கிளம்புவதும் உண்டு.

கேன்வாஸும் கைத்தையலும் இரண்டு நாட்டுக்கும் பொது. எவ்வளவு திணிப்பது என்பதில்தான் வழி பிரிகிறது.

லண்டனில் இந்தத் தொழிலின் தலைவாசல் சாவில் ரோ. ஹென்றி பூல் 1846-இல் தன் கடையின் வாசலை அந்தத் தெருப்பக்கம் திறந்தார். அங்கே வளர்ந்த கைவேலைக்கு ராணுவச் சீருடையும் குதிரைச் சவாரியும் இரண்டு தாய்கள். தோளில் பேட், மார்பில் விறைப்பு, ஒடுங்கிய இடுப்பு, அதற்குக் கீழே சற்று விரியும் கோட்டு எல்லாம் சீருடை தந்த பழக்கம். பின்பக்கத்து வெட்டும் சாய்ந்த பைகளும் சேணத்தில் உட்காருபவனுக்காக வந்தவை. பழைய துணிகளோ மீட்டருக்கு 400 கிராமுக்குமேல் கனக்கும். குளிர் நாட்டில் அது குறையில்லை. கனமான துணி மடிப்புக் கலையாமல் தொங்கும் என்பதால் தையல்காரருக்கும் அதுவே பிரியம்.

ஆனால் லண்டன் என்றாலே விறைப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த விறைப்பைத் தளர்த்தியவர் அதே ஊரில் கடை வைத்திருந்த, ஹாலந்தில் பிறந்த பிரெடரிக் ஷோல்ட்டே. மார்பிலும் தோள்பட்டைப் பக்கமும் துணியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, பேடைக் குறைத்து, கைக்குழியைச் சிறிதாக மேலே ஏற்றி வெட்டினார். 'டிரேப்' என்று பெயர்பெற்ற இந்த வெட்டுக்கு மயங்கியவர்களில் பெரிய புள்ளி, பின்னாளில் முடி துறந்த எட்டாம் எட்வர்ட். சுமார் 40 ஆண்டுகள் கோட்டு ஷோல்ட்டேயிடம் தைத்துக்கொண்ட அந்த மனிதர், கால்சட்டையை மட்டும் வேறிடத்தில் தைத்துக்கொண்டார். ஷோல்ட்டேயிடம் பழகிய பெர் ஆண்டர்சன் 1906-இல் தொடங்கிய ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடை இன்றும் அந்த வெட்டைத்தான் வெட்டுகிறது.

இத்தாலிக் கதையும் இங்கிலாந்து மோகத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1930-களில் நேப்பிள்ஸ் நகரத்துக் கனவான்களுக்கு ஆங்கிலேய பாணியில் உடுத்த வேண்டும் என்று ஆசை. ஜென்னாரோ ருபினாச்சி அவர்களுக்காகத் திறந்த கடையின் பெயரே 'லண்டன் ஹவுஸ்'. அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த வின்சென்சோ அட்டோலினி, கோட்டின் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பேட் போனது, லைனிங்கில் பெரும்பகுதி போனது, கேன்வாஸ் மெலிந்தது. தெற்கு இத்தாலி வெயிலில் லண்டன் கோட்டை மாட்டிக்கொண்டு யார் நடப்பது? கடைசியில் கையில் கிடைத்தது ஏறக்குறைய சட்டைபோல லேசான ஒரு கோட்டு.

சட்டை என்று சும்மா சொல்லவில்லை. நேப்பிள்ஸ் தோளுக்கு அவர்கள் ஊர்ப் பெயரே 'ஸ்பாலா கமீச்சா', சட்டைத் தோள். எந்தக் கோட்டிலும் கையின் மேல்சுற்றளவு கைக்குழியைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டப்படும். கை முன்னும் பின்னும் அசைய அந்த உபரி வேண்டும். லண்டன்காரர் அதை நீராவி இஸ்திரியால் சுருக்கி அடக்கி, உள்ளே பஞ்சுப்பட்டை வைத்துக் கைமேட்டைக் கயிறுபோல உருண்டு நிற்கச் செய்வார். நேப்பிள்ஸ்காரர் உபரியை மறைக்க மாட்டார். தோளோரம் சின்னச் சின்னச் சுருக்கங்களாக அப்படியே தெரிய விடுவார். பழகாத கண்ணுக்குத் தையல் சரியில்லையோ என்று தோன்றும். நேர்கோடாக இல்லாமல் படகின் அடிபோல வளைந்த மார்புப்பையும் அந்த ஊர்க் கைவண்ணம்.

இத்தாலி முழுக்க இப்படி என்று நினைத்தால் தவறு. ரோமின் வெட்டு இன்னும் கட்டுக்கோப்பானது. பிராஸ்னன் போட்டது அந்த வகை. ரோமில் பேரெடுத்த டொமெனிகோ கராச்சேனி, லண்டனில் தைத்த கோட்டுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழிலின் நுட்பம் பிடித்தார் என்று சொல்வார்கள். பிளாரன்ஸ்காரர்கள் மார்பின் முன்பக்கத்தில் துணியை ஒடுக்கப் பிடிக்கும் மடிப்புத் தையலான டார்ட்டையே விட்டுவிடுவார்கள்.

ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. சரிந்த தோளும் ஒடுங்கிய மார்பும் உள்ளவருக்கு லண்டன் பேட் ஒரு வரப்பிரசாதம். நேப்பிள்ஸ் கோட்டு உடம்பை உள்ளபடியே காட்டிக்கொடுத்துவிடும். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டியவருக்கு நேப்பிள்ஸ்தான் சுகம் என்பேன். எந்த ஊர்க் கோட்டானாலும் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது. பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையை உயர்த்துங்கள். கைக்குழி சிறிதாக, மேலே ஏறி இருந்தால் காலர் கழுத்தைவிட்டு விலகாது, கோட்டும் கையோடு சேர்ந்து மேலே வராது.