கீரைக்கு விளக்கு போட்டேன், 'ஷாக்' அடித்தது! டிரைவர் வாங்கும்போது உஷார்

பாடி சந்துகளில் பல வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். வெயில் எங்கே வரும்? தொட்டியில் வைத்த புதினா வெளுத்து, ஈர்க்குச்சி மாதிரி நீண்டு சாய்ந்து விடுகிறது. இதற்கு மருந்து, செடிக்கு மேலே தொங்க விடும் எல்.இ.டி. விளக்கு. ரெடிமேடாக வாங்கினால் விலை கையைக் கடிக்கிறது. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி இருக்கும் ஊர். சால்டரிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாமே செய்தால் என்ன என்று நானும் கிளம்பினேன். மாட்டிக் கொண்டேன்.

அறைந்தது மாதிரி அடி!

ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த டிரைவரை வாங்கி மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்ணீர் ஊற்றிய ஈரக் கையோடு அலுமினியத் தகட்டைத் தொட்டேன். பளார் என்று ஒரு அடி! கையை உதறியதால் பிழைத்தேன்.

நடந்தது இதுதான். 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைத்து பல்புக்குச் சீரான கரண்ட் கொடுக்கும் பெட்டிதான் டிரைவர். மலிவு ரகங்கள் சிலவற்றில் மெயின் லைனுக்கும் வெளியே வரும் வயருக்கும் நடுவே தடுப்பே கிடையாது. என் வீட்டில் ஒரு வயரின் தோல் உரிந்து தகட்டில் உரசியிருக்கிறது. மெயின் லைனையே தொட்ட கதை! 'ஐசோலேட்டட்' என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். தகட்டுக்கு எர்த் கொடுங்கள்.

'3 வாட்' மாயம்

பல்பை '3 வாட்' என்று விற்பார்கள். 700 மில்லி ஆம்பியரில் வெள்ளை பல்பு எடுப்பது 2 வாட் சொச்சம், சிவப்பு ஒன்றரை. வெள்ளைக்கு சுமார் 3.2 வோல்ட், 660 நானோமீட்டர் சிவப்புக்கு சுமார் 2.2. வெள்ளை 8, சிவப்பு 2 என்று ஒரே வரிசையில் கோத்தால் 30 வோல்ட் ஆகிறது. ஆகவே 24 முதல் 36 வோல்ட் வரை தரும் 700 மில்லி ஆம்பியர் டிரைவர் என்று கேளுங்கள். டிரைவர் தின்பதையும் சேர்த்து 25 வாட். தினம் 12 மணி நேரம் எரித்தால் மாதம் 9 யூனிட்.

ஊதா வெளிச்சம்தான் செடிக்கு வேண்டும் என்று அடித்துச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். கீரைக்கு அது போதும். பூச்சி பிடித்தாலும் வெள்ளை வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஹீட் சிங்கில் கஞ்சத்தனம் கூடாது. சீப்பு மாதிரி பல் வைத்த அலுமினியக் கட்டி, பல்புக்கு அடியில் தெர்மல் பேஸ்ட். ஒரு மணி நேரம் எரித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். 5 செகண்ட் விரல் வைக்க முடியாவிட்டால் இன்னும் பெரிதாகப் போடுங்கள்.

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதினா, கொத்தமல்லி சரி. கஞ்சாச் செடி வைத்தால் 1985-ம் வருட போதைப் பொருள் சட்டப்படி 10 ஆண்டு வரை கடுங்காவல்!

என் டிரைவரை மாற்றிவிட்டேன். பழையதைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.