மஹாலும் ஜிகர்தண்டாவும் முடிஞ்சாச்சா? மதுரைக்கு வடக்கே ஒரு நாள் வாங்க!

மதுரையில் குடியிருப்பவர்களுக்கு லீவு என்றால் ஊருக்குப் போவதல்ல. ஊரே நம் வீட்டுக்கு வருவது!

பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. முதல் நாள் மீனாட்சியம்மன் கோயில். இரண்டாம் நாள் திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம். வழியில் ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. மூன்றாம் நாள் காலையில், ஒன்பதாவது படிக்கும் நாத்தனார் மகள் கேட்டாள்: "அத்தை, மதுரை அவ்வளவுதானா?"

சுருக்கென்று இருந்தது. இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வருகிற விருந்தாளிகளை எல்லாம் இதே நான்கு இடங்களுக்குத்தான் கூட்டிப்போயிருக்கிறேன். மேலூர் பக்கம் கல்யாணத்துக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே யானைமலையைப் பார்ப்பேன். ஒருநாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே முடிவு செய்தோம். மறுநாள் வடக்கே போகிறோம்!

யானை படுத்திருக்கிற ஊர்

காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். புளியோதரை, தயிர்சாதம், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில் ஏறியதும் இடதுபக்கம் யானைமலை எழும்பி நிற்கிறது. தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போன்ற ஒரே பாறை. அந்த மலையில் சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய ஒரு தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் மலையின் பெயர் 'இவகுன்றம்'. 'இவம்' என்றால் யானை. நாம் இன்றைக்கு பஸ்ஸில் போகும்போது பார்த்துச் சொல்வதைத்தான் அன்றைக்கும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்!

எங்களோடு வந்தவர் என் கணவரின் நண்பர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் வந்ததால்தான் அன்றைய நாள் எங்களுக்குக் கிடைத்தது. இல்லையென்றால் பாறையைப் பார்த்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

ஒத்தக்கடையில் திரும்பினால் நரசிங்கம். மலை அடிவாரத்தில் யோக நரசிம்மர் கோயில். கருவறை முழுக்க மலையைக் குடைந்து செய்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, கி.பி. 770-ல் குடைவித்த கோயில் இது. ஆனால், குடமுழுக்கைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்குப்பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன்தான் முகமண்டபத்தைக் கட்டி, குடமுழுக்கை நடத்தியிருக்கிறார். இதெல்லாம் அங்கேயே கல்லில் எழுதியிருக்கிறது.

"அண்ணன் ஆரம்பிச்சதைத் தம்பி முடிச்சிருக்கான். இப்ப அண்ணன் தம்பி எல்லாம் இப்படியா இருக்காங்க?" என்று நாத்தனார் பெருமூச்சு விட்டதில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பக்கத்திலேயே லாடன் கோயில். முருகனும் தெய்வானையும் அருகருகே அமர்ந்திருக்கும் சிறிய குடைவரை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள்.

'ரட்சை' என்ற ஒரு சொல்

துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய பாறையின் நெற்றியில் வரிசையாகச் சிற்பங்கள். தலைக்குமேல் பாம்பு படமெடுத்து நிற்கிறதே, அவர் பார்சுவநாதர். கொடி சுற்றிய கால்களோடு தவத்தில் நிற்பவர் பாகுபலி. பெண் உருவம், அம்பிகா இயக்கி. சில சிற்பங்களில் பழைய சாந்தும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள். ஆசிரியர் ஒரு வரியைக் காட்டி நிறுத்தினார். அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த சிற்பம் இது. சுமார் 1,100 வருடத்துக்கு முந்தையது. செய்வித்தவர் பெயருக்கு அடுத்து, 'நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை' என்று முடிகிறது அந்த எழுத்து.

ரட்சை என்றால் பாதுகாப்பு. அச்சணந்தி இந்தச் சிற்பத்தை அரசனிடம் ஒப்படைக்கவில்லை. மலையடிவாரத்து ஊரின் சபையிடம், 'இதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஊர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டும் இருக்கிறது. சில வருடங்களுக்குமுன் யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றலாம் என்று ஒரு யோசனை எழுந்தபோது, அடிவாரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். மலையை உளிபட விடவில்லை. அந்தச் சமயத்தில் மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களிலிருந்துதான், எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணனின் முயற்சியில், 2010-ல் 'பசுமை நடை' என்ற அமைப்பு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மலைகளுக்கு நடப்பது, சொ.சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்குவது. அவ்வளவுதான் ஏற்பாடு. கைக்குழந்தையோடு வருபவர்கள் முதல் தாத்தா பாட்டி வரை அந்த நடைகளில் கலந்துகொள்கிறார்கள். எங்கள் ஆசிரியரும் அப்படி நடந்து நடந்துதான் வட்டெழுத்தைப் படிக்கப் பழகியிருக்கிறார்.

அரிட்டாபட்டி: தெரிந்த பெயர், தெரியாத ஊர்

அடுத்து அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. மேலூர் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வயல், கண்மாய், அதற்குப் பின்னால் ஏழு குன்றுகள். டி.வி. செய்திகளில் அடிக்கடி கேட்ட பெயர் என்பதால் பிள்ளைகள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள்.

ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் மூச்சு வாங்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

முதலில் குடைவரை சிவன் கோயில். ஊர்க்காரர்கள் 'இடைச்சி மண்டபம்' என்கிறார்கள். முற்காலப் பாண்டியர் காலத்தது. இங்கே தமிழ்நாட்டில் அபூர்வமான ஒரு சிற்பம் இருக்கிறது. பாசுபத சைவத்தின் குருவாக வணங்கப்பட்ட லகுலீசர். குஜராத் பக்கம் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்த குரு, மேலூர் பக்கத்து மலைக்குள் கையில் தடியோடு அமர்ந்திருக்கிறார்.

அடுத்து கழிஞ்சமலை. அங்கே ஒரு குகைத்தளம். 2,000 வருடத்துக்கு முன்பு துறவிகள் தங்கிய இடம். குகை முகப்பில் பாறையை நீளமாக, புருவம்போல் வெட்டிவிட்டிருக்கிறார்கள். எதற்கு என்று பிள்ளைகளிடம் கேட்டார் ஆசிரியர். யாருக்கும் தெரியவில்லை. "மழை பெஞ்சா தண்ணி பாறையில வழிஞ்சு உள்ள வந்துரும்ல? இந்த வெட்டுல தட்டி வெளியவே சொட்டிரும்" என்றார் வழிகாட்டிய தாத்தா. நம் வீட்டு ஜன்னலுக்குமேல் போடும் சன்ஷேடுக்கு முப்பாட்டன்! அந்த வெட்டை ஒட்டி தமிழி எழுத்துகள்.

அதே மலையில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம். செய்வித்தவர், யானைமலையில் பார்த்த அதே அச்சணந்தி. கீழே இருந்த எழுத்தை ஆசிரியர் படிக்கப் படிக்க, கடைசிச் சொல் வருவதற்குள் நாத்தனார் மகள் முந்திக்கொண்டாள்: "ரட்சை!"

ஆமாம். இங்கே 'பாதிரிக்குடியார் ரட்சை'. இந்த மலையும் ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டதுதான்.

ஊரார் காத்த கதை

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது தமிழக அரசு. மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் இது. சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, தேவாங்கு, அலங்கு, மலைப்பாம்பு என்று நீள்கிறது பட்டியல். 72 ஏரி, கண்மாய்களும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பு சொல்கிறது. குன்றில் பெய்யும் மழைதான் ஓடையாகி, கண்மாயாகி, வயலாகிறது.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. இந்த ஊர்களையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி பகுதியில் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான மத்திய அரசின் ஏலம் முடிந்துவிட்டது என்று. டங்ஸ்டன் என்றால் பழைய குண்டு பல்புக்குள் மின்னுமே, அந்த இழை. இன்றைக்கு வெட்டுக்கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை தேவைப்படும் உலோகம்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். கிராமசபைகளில் தீர்மானம். 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்களின் நடைப்பயணம். பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும் நாங்கள் காரில் வந்த அதே மேலூர் சாலையில் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

"அப்ப நீங்களும் நடந்தீங்களா தாத்தா?" என்று பையன் கேட்டான். "நடக்காம? ஊரே நடந்துச்சுல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார் அவர்.

போராட்டத்தில் அந்த மக்கள் வைத்த வாதங்களை யோசித்துப் பார்த்தேன். எங்கள் மலையில் இந்தக் கல்வெட்டு இருக்கிறது, இந்தக் குடைவரை இருக்கிறது, இந்தப் பறவை இருக்கிறது, இந்தக் கண்மாய்க்கு இங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று பெயர் பெயராக அவர்களால் சொல்ல முடிந்தது. பறவை பார்க்க வந்தவர்கள், கல்வெட்டைப் படிக்க வந்தவர்கள், கூட்டிப்போய்க் காட்டிய ஊர்க்காரர்கள் என்று பல வருடம் பலர் நடந்த நடை அந்த வாதத்துக்குள் இருந்தது. பக்கத்திலேயே கிரானைட் குவாரிகளால் காணாமல்போன குன்றுகளும் உண்டு. அவற்றில் என்ன இருந்தது என்று சொல்ல இப்போது வழியில்லை.

சுற்றுலா என்பது சும்மா பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மலையைத் தெரிந்துவைத்திருக்கும் ஒவ்வொரு ஆளும் அதற்கு ஒரு சாட்சி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னும் என்னென்ன பார்க்கலாம்?

ஒரே நாளில் எல்லாம் முடியாது. அடுத்த முறைக்கு இதோ:

மாங்குளம் (மீனாட்சிபுரம்): 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டறிந்து சொன்ன தமிழிக் கல்வெட்டுகள். தமிழகத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் சில இங்கேதான். கணிநந்தன் என்ற துறவிக்குக் குகைத்தளம் அமைத்துக் கொடுத்த செய்தியில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வருகிறது. வெள்ளறை ஊர் வணிகர் குழுவான நிகமத்தின் பெயரும் உண்டு. மலையேற்றம் கொஞ்சம் கடினம்.

கீழவளவு: மேலூருக்கு அப்பால். பஞ்சபாண்டவர் மலையில் கற்படுக்கைகள், சமணச் சிற்பங்கள். சின்னப் பிள்ளைகளும் ஏறலாம்.

திருவாதவூர்: மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கோயில், பெரிய கண்மாய் என்று ஒரு சாயங்காலத்துக்கு ஏற்ற இடம்.

போகும்முன் சில விஷயங்கள்

• மழைக்காலம் முடிந்து மார்கழி, தை, மாசி மாதங்கள் நல்ல நேரம். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும். எப்போது போனாலும் காலை ஆறரைக்குள் ஏற ஆரம்பித்து, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

• மலைமேல் கடை கிடையாது. தண்ணீர் கொண்டுபோங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

• மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். வயதானவர்கள் அடிவாரக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

• கல்வெட்டைத் தொடாதீர்கள். எழுத்து தெரிவதற்காக சாக்பீஸ், மாவு பூசவே கூடாது. பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம்.

• தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். பசுமை நடை மாதிரி நடைகள் எப்போது என்று விசாரித்துக் கலந்துகொள்ளலாம். அரிட்டாபட்டி போன்ற ஊர்களில் ஊர்க்காரர்களையே கேளுங்கள். அவர்கள் நேரத்துக்கு உரிய பணத்தை மறக்காமல் கொடுங்கள்.

• மலைக்கோயில்களில் ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கும். செருப்பை எங்கே கழற்ற வேண்டும், எதைப் படம் எடுக்கக் கூடாது என்று கேட்டுவிட்டு நடந்துகொள்ளுங்கள்.

மதியம் ஆலமரத்தடியில் புளியோதரையைப் பிரித்தோம். தாத்தாவும் எங்களோடு சாப்பிட்டார். காளவாசல் திரும்பும்போது மணி மூன்று. பிள்ளைகள் காரில் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். பைபாஸ் ரோட்டில் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து நாத்தனார் மகளின் குரல். "அத்தை, அந்த அச்சணந்தி வேற எங்கெல்லாம் போயிருக்காரு?"

எங்கள் வீட்டிலிருந்து தேனி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலையில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த சிற்பம் ஒன்று இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில். அங்கும் நான் போனதில்லை.

ஊருக்குப் போகிற டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறார் நாத்தனார். நாளைக் காலை ஆறு மணிக்கு, குணமதியம்மாவைப் பார்க்கப் போகிறோம்.