பாலகாட்டிலிருந்து கணக்கிட்டால்...

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே விமானப் பயணம் ஒரு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தப்படும் வரையிலான நேரம் அது. வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்கூட இராது. தூரத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் பகுதியில் தீர்க்கரேகை ஒரு பாகை நகர்ந்தால் சுமார் 108 கி.மீ. சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டரைப் பாகை. நேர்கோட்டில் ஏறத்தாழ 270 கி.மீ.

அந்தக் கோட்டுக்குத் தெற்கே, சற்றுத் தள்ளி இருக்கிறது கோலார் தங்கவயல். அங்கே பாலகாட்டில் குடியிருப்பவருக்கு இந்த ஒரு மணி நேரக் கணக்கு எதற்கும் உதவாது. சென்னைக்குப் போக அவர் விமானம் ஏறப்போவதில்லை. தேவனஹள்ளி போய் விமானம் ஏறுவதைவிட, பங்காருப்பேட்டையில் ரயில் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். விமானம் அவருக்குத் தேவைப்படுவது துபாய்க்கும் சிங்கப்பூருக்கும்தான்.

துபாய் சுமார் 2,700 கி.மீ.; பறப்பது 4 மணி நேரம். பாலகாட்டிலிருந்து தேவனஹள்ளி நேர்கோட்டில் 70 கி.மீ.க்கும் குறைவு, சாலையிலோ ஏறத்தாழ 90. கோலார் போய், பஸ் மாறி, நெரிசலில் நின்று போய்ச் சேர இரண்டரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் 3 மணி நேரம் முன்பே அங்கே இருக்கச் சொல்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் படியிறங்கி விமானத்தில் உட்காருவதற்குள், துபாய்க்குப் பறக்கும் நேரத்தைவிட அதிகம் கழிந்துவிடுகிறது. 2008 மே வரை விமான நிலையம் பெங்களூரின் கிழக்குப் பக்கம், ஹெச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. தங்கவயல்காரர்களுக்கு அது வழியிலேயே இருந்த இடம்.

இவர்களுடைய பெற்றோரும் பாட்டன்மாரும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, 3 கி.மீ.க்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் வரை இறங்கித் தங்கம் வெட்டியவர்கள். ஒரே இறக்கத்தில் அடிவரை போக முடிந்ததில்லை. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொன்றுக்கு மாற வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பிழைப்பு முழுக்கப் பெங்களூர் ரயிலில்தான். மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியுமுன் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊரின் நிலைமை புரிந்துவிடும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. தூக்கத்தின் பாதி ரயிலில்தான்.

இத்தனைக்கும் தண்டவாளம் இல்லாமல் இல்லை. மாரிக்குப்பம் - பங்காருப்பேட்டைப் பாதை 1894-லேயே போடப்பட்டது. பங்காருப்பேட்டையிலிருந்து கோலார், சிந்தாமணி, சிக்கபள்ளாப்பூர், தேவனஹள்ளி வழியாக எலகங்காவுக்கு ரயில் பாதை இருக்கிறது. அந்தப் பாதையிலேயே, விமான நிலையத்தையொட்டி, 2021 ஜனவரியில் ஒரு ரயில் நிறுத்தமும் திறக்கப்பட்டது. தங்கவயலிலிருந்து அங்கே நேரடி ரயில் விடப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை, மலையைக் குடைய வேண்டியதில்லை. பாதை சுற்றுதான். ஆனாலும் நள்ளிரவில் பெட்டியோடு பஸ் மாறி அலையும் குடும்பத்துக்கு, அல்லது சம்பளத்தில் ஒரு பகுதியை வாடகைக் காருக்குக் கொடுப்பவருக்கு, அந்த ரயில் எவ்வளவோ மேல்.

மாரிக்குப்பத்திலிருந்து விமான நிலைய நிறுத்தத்துக்கு, விமான நேரங்களுக்கு ஏற்றபடி, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக நேரடி ரயில் விட வேண்டும். தென்மேற்கு ரயில்வே இதைச் செய்ய வேண்டும்; தங்கவயலின் மக்கள் பிரதிநிதிகள் இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும்.