கரிசல் மண்ணும் வளையும் கரண்டியும்

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவுக்குப் போனால், வளையல் கடை, பொரி கடை, ராட்டினம் எல்லாவற்றையும் தாண்டி ஒரு பாத்திரக் கடையாவது கண்ணில் படும். இப்போதெல்லாம் பாத்திரக் கடை என்றாலே எவர்சில்வர் கரண்டிக்குப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, ஊதா நிறங்களில் வளைந்து கொடுக்கும் கரண்டிகளும், தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் தூரிகைகளும் தொங்குகின்றன. 'சிலிக்கான் கரண்டி' என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒரு கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைப்பது, இன்னொரு கடையில் நாலைந்து மடங்கு விலை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. "இவ்வளவு மலிவா விக்கிறானே, இதை வச்சுச் சமைச்சா உடம்புக்கு ஒண்ணும் செய்யாதா?" என்று வீட்டில் பாட்டியோ அம்மாவோ கேட்டிருப்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு வேதியியலில் நல்ல பதிலும் இருக்கிறது.

பதிலைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். கோவில்பட்டிக்காரர்களான உங்கள் காலடியில் இருக்கும் கரிசல் மண்ணிலிருந்தே தொடங்கலாம்.

பூமியின் மேலோட்டை எடையாகக் கணக்கிட்டால் 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான். இந்த இரண்டும் கைகோத்துக்கொண்டவைதான் ஆற்று மணல், கண்ணாடி, பாறைகளில் பெரும்பாலானவை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டை இருக்கிறதே, அதில் சிவப்புப் பாஸ்பரசோடு கண்ணாடித் தூளும் கலந்திருக்கும். அதுவும் இதே கூட்டணிதான். கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்ட அமைப்பு. ஒவ்வொரு தகட்டிலும் மேலும் கீழும் சிலிக்கான்-ஆக்சிஜன் வலை, நடுவில் அலுமினியம். ஐப்பசி மழை பெய்ததும் தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்துகொள்ளும். மண் உப்பி, காலில் அப்பிக்கொள்ளும். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் போனதும் மண் சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். குடித்த தண்ணீரை அது எளிதில் விடாது. அதனால்தான் மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் உளுந்தும் இங்கே தாக்குப்பிடிக்கின்றன.

அந்தச் சிலிக்கான்-ஆக்சிஜன் எலும்புக்கூட்டையே எடுத்து நீளச் சங்கிலியாக்கினால் கிடைப்பதுதான் உங்கள் கரண்டி. வேதியியல் பாடத்தில் இதற்குச் சிலிக்கோன் என்று பெயர். சிலிக்கான் என்பது தனிமம். கணினிச் சில்லுகளில் இருப்பது. கடையில் எப்படிச் சொன்னாலும் நாம் பேசுவது சிலிக்கோனைப் பற்றி.

மணலை மின் உலையில் கரியோடு சேர்த்துக் காய்ச்சிச் சிலிக்கானைப் பிரிக்கிறார்கள். அதன் தூளை, செம்பு உடனிருக்க, மீத்தைல் குளோரைடு வாயுவோடு வினைபுரியச் செய்கிறார்கள். இந்த வழியை 1940இல் அமெரிக்காவில் யூஜின் ரோச்சோ கண்டுபிடித்த பிறகுதான் சிலிக்கோன் பெருமளவில் உருவாக ஆரம்பித்தது. 1969இல் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அணிந்திருந்த காலணியின் அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர். கடும் வெயிலையும் கடும் குளிரையும் ஒருசேரத் தாங்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுத்தமாகக் கழுவித் துடைத்துக் காயவைத்த சிலிக்கோன் கரண்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். தண்ணீர் முத்தாகத் திரண்டு நிற்கும். எண்ணெய் மெல்லப் பரவும். கரிசல் மண்ணுக்கும் கரண்டிக்கும் எலும்புக்கூடு ஒன்று. ஆனால் மண் தண்ணீரை உறிஞ்சுகிறது, கரண்டி விரட்டுகிறது. காரணம், சிலிக்கோன் சங்கிலியின் வெளிப்பக்கம் முழுக்க மீத்தைல் கூட்டங்கள் முளைத்திருக்கின்றன. மீத்தைல் கூட்டங்கள் எண்ணெயின் உறவினர்கள், தண்ணீரோடு சேராதவை. சாம்பாரில் போட்ட கரண்டியில் மஞ்சள் கறையும் வாடையும் எத்தனை முறை கழுவினாலும் போகாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். எண்ணெயும், எண்ணெயில் கரைவதும் சிலிக்கோனுக்குள் போகும். போகிற வழியிலேயே வெளியே வரவும் முடியும். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பிளாஸ்டிக் சூட்டில் உருகும். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும். சிலிக்கோன் உருகுவதே இல்லை. அதன் சங்கிலிகளைக் குறுக்கே குறுக்கே இணைத்து, கயிற்றுக் கட்டிலைப் பின்னுவது போல ஒரே வலையாக்கிவிடுகிறார்கள். ஒரு கயிற்றை மட்டும் உருவ முடியாது. அதனால் அது வழிந்தோட வழியில்லை. மிக அதிகச் சூட்டில் அது சிதையும், ஆனால் உருகிச் சொட்டாது. உணவுக்கான சிலிக்கோனில் பெரும்பாலும் 200 முதல் 230 டிகிரி வரை என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். குழந்தைகளின் பால் புட்டிக் காம்பும் மருத்துவமனைக் குழாய்களும் சிலிக்கோனில் செய்யப்படுவது, பின்னப்பட்ட இந்த வலை உடம்போடும் உணவோடும் எளிதில் வினைபுரியாது என்பதால்தான்.

அப்படியென்றால் பயம் எதற்கு? வலையில் மாட்டாமல் தப்பித்தவை உள்ளே இருக்கின்றனவே, அவற்றுக்காக.

சங்கிலி உருவாகும்போது சில குட்டிச் சங்கிலிகள் தன் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு வளையங்களாகிவிடும். நாலு சிலிக்கான் அணு உள்ள வளையம், ஐந்து உள்ளது, ஆறு உள்ளது எனப் பல. வேதியியலாளர்கள் இவற்றை டி4, டி5, டி6 என்பார்கள். இவை எதோடும் கட்டப்படாமல் ரப்பருக்குள் சும்மா உலவும். சூடு ஏறினால் வெளியேறும். பக்கத்தில் எண்ணெய் இருந்தால் அதில் இறங்கும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்றையும் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. இயற்கையில் எளிதில் சிதையாமல் தங்கி உயிரினங்களின் உடலில் சேர்வது முக்கியக் காரணம். டி4 மனிதரின் இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கலாம் என்ற சந்தேகமும் அங்கே பதிவாகியிருக்கிறது.

இந்த வளையங்களை விரட்டத் தொழிற்சாலையில் ஒரு வழி இருக்கிறது. அச்சில் வார்த்த கரண்டியைப் பெரிய சூளையில் வைத்து, காற்றோட்டத்தோடு 200 டிகிரியில் நாலு மணி நேரம்போலச் சுடுகிறார்கள். பறக்கக்கூடியவை எல்லாம் பறந்துவிடும். சங்கிலிகளை இணைக்கப் பெராக்சைடு பயன்படுத்தியிருந்தால் அதன் மிச்சங்களும் இந்தச் சூட்டில்தான் போகும். புதுக் கரண்டியில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வருமே, அது பெரும்பாலும் இந்த மிச்சத்தின் வாடை. பிளாட்டினம் வைத்து இணைத்தால் அந்த மிச்சம் வராது, ஆனால் செலவு கூடும்.

இப்போது விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? நாலு மணி நேரச் சூளைக்கு மின்சாரம் வேண்டும், நேரம் வேண்டும். அதைப் பாதியில் நிறுத்தினாலும் கரண்டியின் நிறமோ வளைவோ மாறாது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. மலிவான கரண்டி எல்லாமே மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் செலவைக் குறைக்க நினைப்பவருக்கு மிச்சம் பிடிக்க எளிதான இடம் இதுதான். ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: சிலிக்கோன் பொருளை 200 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தால் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. நூறு கிராம் கரண்டி என்றால் அரை கிராம். சூளையில் ஒழுங்காகச் சுட்ட பொருள் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும்.

கரண்டியை முறுக்கிப் பார், வெள்ளைக் கோடு தெரிந்தால் போலி என்று சொல்லும் வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை முழுக்க நம்பாதீர்கள். மலிவான தூளை அளவுக்கு மீறிக் கலந்திருந்தால் கோடு தெரியலாம். ஆனால் நல்ல சிலிக்கோனிலும் உறுதிக்காக நுண்ணிய சிலிக்காத் தூள் சேர்ப்பார்கள். அது கலப்படம் ஆகாது. கோடே தெரியாத கரண்டிக்குள் வளையங்கள் நிறைய இருக்கவும் கூடும். அவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வகக் கருவி வேண்டும். எரித்துப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. சிலிக்கோன் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும், அது சிலிக்கா, அதாவது மறுபடியும் மணல். அதை நீங்கள் செய்யக் கூடாது. தீப்பெட்டி தயாரிக்கிற ஊர்க்காரர்களான உங்களுக்கு நெருப்போடு விளையாடக் கூடாது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயப்படும்போதும் அளவாகப் பயப்பட வேண்டும். 2024 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டிகளில் பழைய மின்சாதனங்களிலிருந்து வந்த தீத்தடுப்பு வேதிப்பொருட்கள் இருக்கின்றன என்றது. அது உண்மைதான். உலகம் முழுக்க அந்தச் செய்தி பரவி, பலர் கறுப்புக் கரண்டிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சிலிக்கோன் வாங்க ஓடினார்கள். ஆனால் ஆய்வில் ஒரு பெருக்கல் தவறியிருந்தது. அந்தப் பொருட்களில் ஒன்றுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 7,000 நானோகிராம் என்பது வரம்பு. 60 கிலோ ஆளுக்கு எவ்வளவு? நீங்களே பெருக்குங்கள். 4,20,000. ஆய்வில் 42,000 என்று போட்டுவிட்டார்கள். கரண்டியிலிருந்து ஒரு நாளைக்கு உடலில் சேரலாம் என்று அவர்கள் மதிப்பிட்டது 34,700. தவறான கணக்கில் அது வரம்பைத் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்தது. சரியான கணக்கில் வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ ஷ்வார்ச் இதைச் சுட்டிக்காட்ட, டிசம்பரில் திருத்தம் வெளியானது. ஒரு பூச்சியம் விட்டுப்போனதற்குக் கணக்கு வாத்தியார் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த வேதிப்பொருள் கரண்டியில் இருக்கவே கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது இரண்டு: எவ்வளவு சூடு, எவ்வளவு எண்ணெய். கொதிக்கும் ரசம் 100 டிகிரியைத் தாண்டாது. அதில் எண்ணெயும் குறைவு. இட்லி மாவை வழிக்கும்போது சூடே இல்லை. இந்த வேலைகளுக்குச் சிலிக்கோன் கரண்டி அருமையானது. பாத்திரத்தில் ஒரு துளி மாவு மிஞ்சாது. வடை பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். அது சூடும் எண்ணெயும் சேர்ந்த இடம், வளையங்கள் வெளியே வரத் தோதான இடம். அங்கே எவர்சில்வர் சாரணிதான் சரி.

தோசைக்கல்லை எப்படி அளப்பது? வெப்பமானி வேண்டாம். எண்ணெய் தடவுவதற்கு முன்னால் அம்மா காய்ந்த கல்லில் தண்ணீர் தெளிப்பார்கள் அல்லவா, அதைத் தள்ளி நின்று கூர்ந்து கவனியுங்கள். தண்ணீர் 'சுர்' என்று பரவி நுரைத்து ஆவியானால் கல் மிதமான சூட்டில் இருக்கிறது. சொட்டு உடையாமல் உருண்டையாகக் கல்லின்மேல் அங்குமிங்கும் ஓடினால் கல் சுமார் 200 டிகிரியை எட்டிவிட்டது. சொட்டுக்கு அடியில் ஒரு நீராவி மெத்தை உண்டாகி அதைத் தாங்குகிறது. 1756இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் இதை விரிவாக எழுதினார். அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். சொட்டு ஓடுகிற கல்லில் சிலிக்கோன் தூரிகையை வைக்கக் கூடாது. அடுப்பைக் குறைத்துவிட்டு வைக்கலாம். காம்போடு நறுக்கிய கத்தரிக்காயோ பாதி வெங்காயமோ வைத்துத் தேய்க்கிற வீட்டில் இந்தக் கவலையே இல்லை. என் ஓட்டு வெங்காயத்துக்குத்தான்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்த மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் பதத்தைப் பாருங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அந்தப் பதம் 150 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். மலிவான பிளாஸ்டிக் கரண்டி அதில் வளைந்து இளகிப்போகும். சிலிக்கோன் தாங்கும். இருந்தாலும் கொதிக்கிற கெட்டிப் பாகையும் கடலையையும் புரட்டிப்போட அதற்கு விறைப்புப் போதாது. வீட்டில் கடலைமிட்டாய் செய்தால் மரத்துடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒட்டாத பூச்சு போட்ட சட்டி இருந்தால் எவர்சில்வர் கரண்டி பூச்சைக் கீறிவிடும். அங்கே சிலிக்கோனோ மரமோ வேண்டும். இரும்புச் சட்டியும் மண்சட்டியும் உள்ள வீட்டுக்குச் சிலிக்கோன் கட்டாயம் இல்லை. வாங்குவதாக இருந்தால், தயாரித்தவர் பெயரும் முகவரியும், எத்தனை டிகிரி வரை என்ற எண்ணும், கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த உணவுக் குறியும் உறையில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். உறையே இல்லாமல் குவியலில் கிடப்பதை விட்டுவிடுங்கள். பிறகு மோந்து பாருங்கள். நல்ல சிலிக்கோனுக்கு வாடை அநேகமாக இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, பெரியவர்கள் துணையோடு சிறிது நேரம் கொதிநீரில் போட்டு எடுங்கள். சமைத்து முடித்ததும் சட்டிக்குள்ளேயே சாய்த்து வைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். கிழிந்தாலோ பிசுபிசுத்தாலோ அதன் காலம் முடிந்தது.

கொதிநீரில் போட்ட பிறகும் ரப்பர் வாடை அடிக்கிறதா? அது சூளையில் சரியாகச் சுடாத கரண்டியாக இருக்கலாம். விலை நூறு ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ, சமையலுக்கு அது வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.