இரண்டு பியானோவும் ஒரு விருந்தாளியும்

வீட்டுக்கு வந்தவரை உபசரித்து, காப்பி கொடுத்து, மனம் விட்டுப் பேச வைப்பது ஒரு பெரிய கலை. இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தவர் சங்கோஜப் பேர்வழியாக இருந்தால் சிரமம். தம் புகழைத் தாமே பாடிக் கொள்கிறவராக இருந்தால் அதைவிடச் சிரமம்! இந்தக் கலையைச் சங்கீதத்தோடு சேர்த்து முப்பது வருஷங்களுக்கு மேல் நடத்திக் காட்டிய ஓர் அம்மையாரிடம் உங்களை அழைத்துப் போகிறேன். வாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு ரேடியோ ஒலிப்பதிவு அறை. மேடை இல்லை, தோரணம் இல்லை. இரண்டு பெரிய பியானோக்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றின் முன்னால் விருந்தாளி. மற்றொன்றின் முன்னால் மாரியன் மக்பார்ட்லண்ட். "பியானோ ஜாஸ்" என்ற இந்த நிகழ்ச்சியை 1978-ல் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது 60. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக் கொண்டு ஓய்வாக உட்காருகிற வயது!

ஜாஸ் என்றால் வெறும் டமாரச் சத்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க நீக்ரோவர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு இன மக்களிடையே பிறந்த சங்கீதம் இது. தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக் கொண்டு, அந்தந்த நிமிஷத்தில் தோன்றும் கற்பனையைச் சேர்த்து வாசிப்பதுதான் அதன் உயிர். நம் வித்வான்கள் கல்பனா ஸ்வரம் பாடுகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி. இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது.

மாரியன் முதலில் பேச்சுக் கொடுப்பார். விருந்தாளி ஒரு பாட்டு வாசிப்பார். பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். சில சமயம் மாரியன் எதிரே இருப்பவரின் குணத்தை மனத்தில் வாங்கி, அவரையே ஒரு சித்திரமாக அந்த இடத்திலேயே பியானோவில் வரைந்து காட்டுவார். எக்காள வாத்தியத்தில் மன்னரான டிஸ்ஸி கில்லெஸ்பிகூட இங்கே வந்து பியானோவில் உட்கார்ந்து விட்டார் என்றால் பாருங்களேன்!

மாரியனுக்கு இந்த இடம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1918-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கில்ட்ஹால் சங்கீதப் பள்ளியில் சாஸ்திரீய சங்கீதம் பயின்றவர். 1938-ல் அதை விட்டுவிட்டு, நான்கு பியானோக்கள் கொண்ட ஒரு கேளிக்கைக் குழுவில் சேர்ந்தார். வீட்டில் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. யுத்த காலத்தில் போர்வீரர்களுக்காக வாசிக்கப் போன இடத்தில், கார்னெட் வாசிக்கும் ஜிம்மி மக்பார்ட்லண்டைச் சந்தித்தார். 1945-ல் ஜெர்மனியில் ஆகென் நகரில் கல்யாணம். தங்கள் கல்யாணக் கச்சேரியை மணமக்களே வாசித்தார்கள்!

அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் லெனார்ட் ஃபெதர் என்ற பிரபல விமர்சகர் அவருக்கு மூன்று குறைகள் உண்டு என்று எழுதினார். ஆங்கிலேயர், வெள்ளைக்காரி, பெண். இதற்கு மாரியன் சண்டை போடவில்லை. வாசித்துக் கொண்டே இருந்தார். 1952 முதல் சுமார் எட்டு வருஷங்கள் நியூயார்க் 52-வது தெருவில் 'ஹிக்கரி ஹவுஸ்' என்ற உணவு விடுதியில் அவருடைய கச்சேரி நடந்தது. அங்கே வந்து கேட்ட மகாவித்வான் டியூக் எல்லிங்டன், நீங்கள் ரொம்ப அதிகமான ஸ்வரங்களை வாசிக்கிறீர்கள் என்ற பொருள்படச் சொன்னாராம். புகழ்ச்சி போலத் தோன்றியது, யோசித்துப் பார்த்தால் புத்திமதி! இதை மாரியனே பிற்காலத்தில் சிரித்துக் கொண்டு சொல்வது வழக்கம். எங்கே விரலை நிறுத்துவது என்பதும் சங்கீதம்தானே?

1958-ல் ஹார்லெமில் 57 ஜாஸ் கலைஞர்கள் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக் கொண்டார்கள். அதில் பெண்கள் மூன்றே பேர். அவர்களில் இருவர் அருகருகே நிற்கிறார்கள்: மாரியனும், மேரி லூ வில்லியம்ஸும். இருபது வருஷம் கழித்து "பியானோ ஜாஸ்" தொடங்கியபோது மாரியன் அழைத்த முதல் விருந்தாளி யார் தெரியுமா? அதே மேரி லூதான்! 1981-ல் அவர் காலமாகிவிட்டார். பேச்சும் வாசிப்பும் பதிவில் தங்கிவிட்டன.

அதே 1978-ல் வந்தார் பில் எவன்ஸ். ஒரு பாட்டின் எலும்புக்கூட்டை முதலில் வாசித்துக் காட்டி, அதன் மேல் கற்பனை எப்படி வளருகிறது என்று படிப்படியாக விளக்கினார். மாரியன் இடையிடையே கேட்கிறார். பிறகு கூடவே வாசிக்கிறார். தம் மேதையை மேலே காட்டிக் கொள்வதே இல்லை. இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. 1980 செப்டம்பரில், 51-வது வயதில், எவன்ஸ் மறைந்தார். அன்று அந்த அம்மையார் சரியான கேள்வியைக் கேட்டிராவிட்டால், அந்தப் பாடமும் அவரோடேயே போயிருக்கும்.

மாரியனுக்கு ஒவ்வொரு சுருதியும் ஒரு நிறமாகத் தோன்றுமாம். 'டி' டாஃபொடில் பூவின் மஞ்சள், 'பி' அரக்கு, 'பி ஃப்ளாட்' நீலம். புடவைக் கடையில் நமக்குக் கிடைக்கும் சந்தோஷம் அவருக்குப் பியானோவிலேயே கிடைத்திருக்கிறது!

குடும்ப வாழ்விலும் அபஸ்வரம் இல்லாமல் இல்லை. ஜிம்மியிடமிருந்து விவாகரத்து ஆயிற்று. ஆனால் சிநேகிதம் ரத்தாகவில்லை. 1991-ல் ஜிம்மி இறப்பதற்குச் சற்று முன்பு, அவரையே மறுபடியும் மணந்து கொண்டார்.

2007-ல், 89 வயதில், இயற்கையின் சீரழிவைப் பற்றி எழுதிய ரேச்சல் கார்சன் அம்மையாரை நினைத்து வாத்திய கோஷ்டிக்கு ஒரு புது உருப்படி இயற்றி, தாமும் உட்கார்ந்து வாசித்தார். 2011-ல் ரேடியோவிலிருந்து விடைபெற்றார். 2013 ஆகஸ்டில் 95-வது வயதில் காலமானார்.

அந்த ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு நாள் மத்தியானம், அடுப்படி வேலை ஒழிந்த பிறகு, கேட்டுப் பாருங்கள். பாட்டு முழுவதும் புரியாவிட்டால் பாதகமில்லை. விருந்தாளி பேசும்போது இரண்டாவது பியானோ மௌனமாக இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அதுதான் மாரியனின் வாசிப்பு.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பழங்கதையை ஆரம்பிக்கும்போது, "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எத்தனையோ சங்கீதம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது!