மேல்காற்றுக்கு ஒரு ஹால்

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து தென்காசி வட்டாரத்தையே உலுக்கத் தொடங்கும். குற்றாலத்தில் அது சாரலாக விழும். கிழக்கே, திருநெல்வேலி சாலையில் இருக்கும் பாவூர்சத்திரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஈரத்தைப் பெரும்பாலும் மலையடியிலேயே உதிர்த்துவிட்டு வெறும் காற்றாக வீசும். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆனால் அதே ஊர்களில் புதிதாக எழும்பும் பல வீடுகளில், ஹாலின் மேற்குச் சுவர் ஒரு ஜன்னல்கூட இல்லாமல் அடைத்தே கட்டப்படுகிறது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பங்குனி, சித்திரையில் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து தாழ்வாக உள்ளே பாயும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்குமே தவிர, நேராக முகத்தில் அடிக்கும் இந்த வெயிலைத் தடுக்காது. அதனால் வீட்டுக்காரர் சுவரை அடைத்துவிடுகிறார். வெயிலோடு காற்றும் வெளியே நின்றுவிடுகிறது.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் குடியேறி நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் (1917–2007), செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களை விரும்பிப் பயன்படுத்தினார். வெயில் துண்டுதுண்டாக உடைந்து வரும். காற்று தாராளமாக வரும். பாவூர்சத்திரத்தில் அதை ஹாலின் சுவராக வைப்பதைவிட, மேற்கே ஐந்தடி அகலத் தாழ்வாரம் ஒன்று இறக்கி அதன் வெளிப்பக்கம் ஜாலி வைப்பது நல்லது. சாய்ந்து அடிக்கும் மழை தாழ்வாரத்தோடு நின்றுவிடும். உள்ளே சாதாரண ஜன்னல் போதும். வந்த காற்று வெளியேறக் கிழக்கிலும் திறப்பு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறைக்குள் காற்று சரியாக நுழையாது.

வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்ற நம்பிக்கையும் இங்கே பாதிதான் உண்மை. ஊர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் வடபுறமாகவே கடக்கிறது. அங்கேயும் சன்ஷேடு தேவை.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் உள்ள பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிகளுக்குப் பத்தில் ஒரு பங்கும் கதவு நீங்கலாகத் திறப்பு கேட்கிறது. இந்த ஊருக்குப் பெரிய அளவையே எடுத்துக்கொள்ளலாம். 12 அடிக்கு 16 அடி ஹால் என்றால் 192 சதுர அடி. அதற்கு 32 சதுர அடித் திறப்பு, அதாவது 4 அடிக்கு 4 அடியில் இரண்டு ஜன்னல்.

இனி, வீட்டு வரைபடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம். பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் ஹால், பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் வேலையிடம். விருந்தாளி வந்து அரைமணி நேரம் உட்காரும் சோபாவுக்காக ஹால் திட்டமிடப்படுகிறது. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருப்பவர் கணக்கில் வருவதே இல்லை. வழக்கமான ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்றடி. கீழே உட்கார்ந்தவருக்குக் காற்று தலைக்கு மேலே போய்விடும். ஃபேனை வேகமாக ஓடவிட்டால் சுளகிலிருக்கும் தூள் பறக்கும் என்பதால் அதையும் குறைத்துவைத்துப் புழுங்குகிறார்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டுதல் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: நாற்காலியில் அமர்பவருக்கு ஜன்னலின் அடிமட்டம் 75 செ.மீ., கட்டிலில் அமர்பவருக்கு 60 செ.மீ., தரையில் அமர்பவருக்கு 40 செ.மீ. இந்தக் கடைசி எண்ணைத்தான் பாவூர்சத்திரம் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த ஜன்னலுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பூச்சி, பல்லிக்கு வலையும் வேண்டும். செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். புகையிலைத் தூள் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் படியாமலிருக்க, வேலை முடிந்ததும் சுளகையும் தூளையும் வைத்து மூட ஒரு தனி அலமாரி தாழ்வாரத்தில் இருப்பதும் அவசியம்.

தரையை மனதில் வைத்தால் சாமான்களின் கணக்கும் மாறும். 10 அடி அகல ஹாலில் 3 அடி ஆழச் சோபாவும் எதிரே ஒன்றரை அடி டிவி யூனிட்டும் போட்டால் நடுவில் ஐந்தரை அடிதான் மிஞ்சும். 43 அங்குல டிவி பார்க்க அந்தத் தூரம் போதும். ஆனால் அங்கே ஒரு டீப்பாயையும் நிறுத்திவிட்டால் ராத்திரி பாய் விரிக்க இடம் ஏது? நிச்சயதார்த்தம், சடங்கு, துக்கம் எல்லாம் இந்த ஹாலில்தான் நடக்கும். ஒரு நாளில் மொத்தத்தையும் காலி செய்யும்படி, இரண்டு பேர் தூக்கக்கூடிய மரச் சோபாவும் சுவரோடு ஒட்டிய ஒரு பெஞ்சும் போதுமானவை. பத்தமடைக் கோரைப் பாய்களைச் சுருட்டிச் செருக ஒரு மூலை ஒதுக்கினால் இன்னும் நல்லது. டைல்ஸ் வாங்கும்போது பளபளப்பானதைத் தவிர்த்துச் சொரசொரப்பானதைக் கேட்டு வாங்கலாம். மழைக்காலத்தில் வாசலில் ஈரக்கால் வைக்கும் பெரியவர்கள் வழுக்கிவிழாமலிருக்க அது உதவும்.

இதெல்லாம் வானம் தோண்டும் முன்பே முடிவாக வேண்டியவை. மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சோபா இங்கே, பாய் இங்கே, பீடிச் சுளகு இங்கே என்று நடந்து பார்க்கலாம். சுவர் எழும்பும்போது, சொல்லாவிட்டால் கொத்தனார் வழக்கப்படி மூன்றடியில்தான் ஜன்னல் நிலையை நிறுத்துவார். நாலைந்து வரிசை செங்கல் ஏறும் அந்த நாளில் வீட்டுப் பெண்கள் மனையில் இருப்பது முக்கியம். பீடி சுற்றுகிறவர் தரையில் உட்கார்ந்து, தன் முகம் எந்த உயரத்தில் வருகிறது என்று கொத்தனாரிடம் காட்டிவிடலாம்.