நந்தவனத் திருத்தொண்டு

சைவாலயத்தின் உறுப்புக்கள் யாவை என வினவினால், கோபுரம், கொடிமரம், மண்டபம், தீர்த்தக் கிணறு, தேர்முட்டி என்று நாம் எண்ணத் தொடங்குவோம். அவ்வரிசையில் நந்தவனம் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஆயினும் நாட்பூசைக்கு முதலில் வேண்டப்படுவன நீரும் பூவுமேயாம். இதனை நன்குணர்ந்த முன்னோர் ஆலயம் எடுத்தபொழுதே பூந்தோட்டத்துக்கும் நிலம் ஒதுக்கினர். சோழர் காலக் கல்வெட்டுக்கள் திருநந்தவனத்துக்கும் அதனைப் பேணுவோருக்கும் நிலம் விடப்பட்டமையை எடுத்துக் கூறுகின்றன. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றிலும் வெளிவீதியை அடுத்துப் பூந்தோட்டக் காணி என வழங்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. அந்நிலம் பற்றையாய்க் கிடக்க, மகோற்சவ முடிவில் பூங்காவனத் திருவிழா மாத்திரம் சந்தைப் பூவைக் கொண்டு சிறப்புற நடைபெறுவதை இன்று பல ஊர்களிலும் காணலாம்.

இந்நிலைக்குக் காரணங்கள் உள. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினரும் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னர்க் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டவர்கள் தம் வீட்டையும் கிணற்றையும் முதலிற் பார்த்தனர். பின்னர் மூலத்தானத்தையும் கோபுரத்தையும் எழுப்பினர். கடல் கடந்து வாழும் ஊரவர் அதற்குப் பொருளை வாரி வழங்கினர். கட்டடம் எழுந்தது, தோட்டம் எழவில்லை. கட்டடத்தைப் பொருள் கொடுத்து ஒருமுறை முடித்துவிடலாம். தோட்டமோ நாடோறும் ஓர் ஆளின் கையை வேண்டி நிற்பது.

அந்தக் கைத்தொண்டையே நம் நூல்கள் சரியை என்கின்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதாகிய அது தாசமார்க்கம் எனவும் பெயர்பெறும். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இந்நெறிக்குரிய செயல்களைத் தொகுத்துரைக்கின்றார். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், பூக் கொய்தல், மாலை தொடுத்தல், புகழ்ந்து பாடுதல், விளக்கிடுதல் என்பவற்றோடு திருநந்தவனம் செய்தலையும் அவர் வைத்தெண்ணுகின்றார். இவை யாவும் உடம்பினாற் செய்யப்படுவன என்பது கருதத்தக்கது. கல்வியும் செல்வமும் இல்லாதவனும் இவற்றைச் செய்யலாம். அவை உடையவனும் பிறனொருவனை ஏவி இவற்றின் பயனைத் தனதாக்கிக்கொள்ளல் இயலாது.

பெரியபுராணத்திலே இதற்குச் சான்றுகள் பல. தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து இடமருகிக் கிடத்தலை அறிந்து, அதனை அகழத் துணிந்தார். குழியிலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நாட்டி, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணைக் கூடையில் அள்ளி, மீளவும் தடவியே ஏறிக் கரையிற் கொட்டினார். பின்னர் அவர் கண்பெற்ற அற்புதத்தையே நாம் பெரிதாகப் பேசுகின்றோம். கண் பெறுமுன் அக்கயிற்றைப் பற்றி அவர் எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பதும் சிந்திக்கத்தக்கதன்றோ?

திருநாவுக்கரசு சுவாமிகள் ஏந்தியது உழவாரப்படை. புல்லைச் செருக்கும் அக்கருவி இன்றும் நம் வீடுகளில் உழவாரம் என்ற அதே பெயரோடு வழங்குகின்றது. திருப்புகலூரில் அவர் தொண்டு செய்த இடத்திலே பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தான். சுவாமிகள் அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கொண்டு, உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். பொன்னும் கல்லும் அவருக்குத் தொண்டுக்கு இடையூறாகிய பொருள்களே. நன்கொடைப் பட்டியலைக் கல்லிற் பொறிக்கும் நம் காலத்துக்கு இவ்வரலாறு மிக வேண்டற்பாலது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. காடடர்ந்து மறைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் 1872இல் வேண்டினார்கள். அவர்கள் மறைந்தபின், 1893இல் சைவ மக்கள் அந்நிலத்தை ஏலத்தில் வாங்கினர். 1903இல் அங்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அம்மீட்சியும் காடு வெட்டுதலில் இருந்தே தொடங்கிற்று.

இனி, கைவிடப்பட்ட நந்தவனம் ஒன்றை மீட்கும் முறையைக் கூறுவாம். போர் நடந்த இடமாயின், கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்பதை உரிய அதிகாரிகளிடம் உறுதி செய்துகொள்ளாமல் மண்வெட்டியை இறக்கலாகாது. அடுத்து வருவது பார்த்தீனியம். இச்செடி ஒன்றே பல்லாயிரம் வித்துக்களைச் சொரியும்; தோலிற் சொறியையும் சிலருக்கு மூச்சு முட்டையும் உண்டாக்கும். ஆதலால் பூக்குமுன்னரே, மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். ஒருமுறை பிடுங்கியதோடு அமைதியுற முடியாது. மண்ணிற் கிடக்கும் வித்துக்கள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். நீக்கிய குற்றம் மீண்டும் தலையெடுப்பதும், மீண்டும் நீக்குவதும் மனத்துக்கும் உரிய இயல்பேயாதலின், களை பிடுங்குவோன் இங்கே இரண்டு நிலங்களில் வேலை செய்கின்றான்.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணக்கற் பாறையினுள் இறங்கித் தங்குவதே நம் கிணற்று நீர். அளவிறந்து இறைத்தால் உவர் ஏறும். செயற்கை உரத்தை மிகுதியாக இட்டால் அது கரைந்து குடிநீரிற் கலக்கும். எனவே ஆவணி, புரட்டாதி மாதங்களில் நிலத்தைப் பண்படுத்தி, முதல் மழையோடு நடுதல் நன்று. பூவரசு, கிளிசறியா முதலியவற்றின் குழையையும், பழைய பனையோலையையும் மண்ணுட் புதைக்கும் நம்மூர் வழக்கம் பசளைக்குப் போதியது. அபிடேக நீரை வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு விடலாம். நிர்மாலியப் பூக்களைக் கால்படாத ஒரு மூலையில் மக்கவிட்டு மரங்களின் அடியில் இடலாம்.

எவற்றை நடுவது என்பதற்கும் நூல் வழியே நெறி உண்டு. கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி பூசைக்குரிய மலர்களைப் பற்றியே பேசும் நூல். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என மலர் நால்வகைப்படும். திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி இந்நால்வகைப் பூவையும் கொய்து மாலை தொடுத்தார் என்பர். இப்பாகுபாட்டையே தோட்டத்தின் அமைப்பாகவும் கொள்ளலாம். எல்லையோரம் கொன்றை, வன்னி, பவளமல்லி முதலிய மரங்களும், பத்திரத்துக்கென வில்வமும்; பந்தலில் முல்லை, மல்லிகை, பிச்சி; தரையில் தும்பை, செவ்வந்தி, அறுகு; கேணியிலோ தொட்டியிலோ தாமரை. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் மாரியில் நட்ட தடியிலிருந்து எளிதில் வளரும். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சாதலால் சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் அதனை வைத்தல் நலம். வில்வம் பயன்தரப் பல ஆண்டு செல்லும். அதனை நடுவோர் தமக்குப் பின்வருவோர் செய்யும் அருச்சனைக்காகவே நடுகின்றனர்.

தொடங்குதல் எளிது, தொடர்தலே அரிது. சிரமதானமாக ஒருநாள் நூறுபேர் கூடித் துப்புரவாக்கிய காணி, அடுத்த தைமாதத்தில் மீண்டும் பற்றையாய் நிற்றல் கண்கூடு. இதற்குத் தீர்வு நம் திருவிழா முறையிலேயே இருக்கின்றது. ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தாரின் உபயமாக நடைபெறுகின்றது. அது தவறினால் அக்குடும்பத்துக்கு நாணம். அங்ஙனமே நிலத்தைப் பாத்திகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குடும்பத்தின் உபயமாக்கலாம். களை எடுத்தலும் நீர் இறைத்தலும் அவர்கள் பொறுப்பு. பூவோ அவர்களுடையதன்று. பயிரிட்டவன் விளைவை வீட்டுக்குக் கொண்டுபோகாத தோட்டம் இது. உழைப்பு முழுவதும் தனதாயிருக்க, பலன் முழுவதும் பிறிதொன்றுக்கு உரியதாதலே நந்தவனம் கற்பிக்கும் பாடம்.

இங்கு மறைக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. கோயிற் காணியிற் புல்லுச் செருக்கவும் கிணறு இறைக்கவும் அழைக்கப்பட்டவர்கள், அதே கோயிலின் உள்ளே சென்று வழிபட விடப்படாத காலம் நம்மிடையே இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைவிற் கொண்டோர் இன்றும் உளர். உழவாரத் தொண்டைத் திருநாவுக்கரசரின் புகழாக மேடையிற் பேசி, உழவாரத்தைப் பிடித்தவனைத் தாழ்வாக எண்ணியமை பெரும் முரண்பாடு. பாத்திகளை உபயமாக வகுக்கும் ஊரில், எக்குடும்பத்தை விலக்குவது என்ற கேள்விக்கே இடமிருத்தல் கூடாது. எல்லாரும் ஒரே மண்ணிற் குந்தியிருந்து களை பிடுங்கும் இடமாயின், நந்தவனம் பூவை மட்டுமன்றி வேறொன்றையும் நமக்குத் தரும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பல தேசங்களில் வாழ்கின்றனர். வேலி அடைக்கவும், கிணறு திருத்தவும், நீர்க்குழாய் இடவும் அவர்தம் பொருள் வேண்டும். அதனை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் விடுமுறைக்கு ஊர் வருவோர் ஒரு விண்ணப்பத்தை ஏற்றருளல் வேண்டும். திருவிழா நாளிலே பட்டுடுத்தி நிற்பதற்கு முன், ஒரு காலைப்பொழுதாயினும் தம் பிள்ளைகளோடு பூந்தோட்டத்துட் சென்று ஒரு பாத்தியைச் செருக்குவார்களாக. தமிழ் எழுத்தறியாத பிள்ளைக்கும் அறுகின் வேர் கையிற் பட்டால் ஊர் இன்னதென்று ஓரளவு விளங்கும். அன்று கொய்த நாலு நந்தியாவட்டைப் பூவை மாலைப் பூசைக்கு அப்பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.